ஏழு பேர் உட்காரும் வண்டி: உள்ளே இடம், சீட், சாமான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டில் ஏழு பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, அத்தை. முதலில் ஒரு பழைய இன்னோவா, இப்போது எர்டிகா என்று பல வருடமாக ஏழு சீட் வண்டிதான் ஓட்டுகிறேன். சொந்தத்தில் யார் பெரிய வண்டி பார்க்கப் போனாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். மைலேஜ், இன்ஜின், விலை பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே உட்காருவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை மட்டும், கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மில்லிமீட்டர், லிட்டர் கணக்கெல்லாம் கம்பெனிகள் வெளியிட்டவை. சாண், விரல் கணக்கு நான் அளந்தது.

மினிவேன், எம்.பி.வி., எஸ்.யு.வி. எல்லாமே ஏழு சீட்டுதானே, என்ன பெரிய வித்தியாசம்?

மினிவேன் என்பது உட்காருகிறவர்களை முதலில் வைத்து, அவர்களைச் சுற்றிக் கட்டிய வண்டி. தாழ்ந்த தரை, உயர்ந்த கூரை, குட்டையான மூக்கு. அமெரிக்காவில் 1983 கடைசியில் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வாயேஜர் இரண்டும் வந்தபோது இந்த வகை பரவலானது. அடுத்த வருடமே ஐரோப்பாவில் ரெனோ எஸ்பாஸ் வந்தது. நம் ஊரில் இதையே எம்.பி.வி. என்கிறார்கள். 2000-ல் வந்த குவாலிஸ், 2005-ல் வந்த இன்னோவா, 2012-ல் வந்த எர்டிகா என்று வரிசையாக நமக்குப் பழக்கமானவைதான்.

ஜீப் மாதிரி உயர்ந்து நிற்கும் எஸ்.யு.வி.யில் தரை உயரம். வயதானவர்களுக்கு ஏறுவதே ஒரு வேலை. கூரை பின்னால் சரிந்து வரும் மாடலாக இருந்தால் கடைசி வரிசையில் தலை முட்டும். வெளித்தோற்றத்துக்கு எஸ்.யு.வி. நன்றாக இருக்கலாம். ஏழு பேரும் தினமும் ஏறி இறங்கும் வீட்டுக்கு நான் எம்.பி.வி.யைத்தான் சொல்வேன்.

ஏழு சீட்டுன்னா ஏழு பெரியவங்க தாராளமா உட்காரலாமா அண்ணே?

உட்காரலாம். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு அரை மணி நேரம் என்றால் எந்த வண்டியிலும் எந்தச் சீட்டிலும் யாரும் உட்கார்ந்துவிடலாம். சென்னைக்கு எட்டு மணி நேரம் என்றால் ஆளுக்கு ஆள், சீட்டுக்குச் சீட் கணக்கு மாறும்.

அதனால் எத்தனை சீட் என்று எண்ணுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எந்தச் சீட்டில், எத்தனை மணி நேரம், அவர்களுடைய பை எங்கே. இந்த நான்கும் எழுதி முடித்தால் பாதி வண்டிகள் தானாகப் பட்டியலை விட்டுப் போய்விடும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தத் தாளை நிரப்புவதற்குத்தான்.

ஷோரூம்ல உட்கார்ந்து பார்த்தோம், பின்னாடி நல்லா இடம் இருந்துச்சே?

முன் சீட்டை யார் எவ்வளவு முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா? வரிசை மாறினால் அளவு மாறிவிடும். முதலில் வண்டி ஓட்டப் போகிறவர் உட்கார்ந்து, கிளட்சை முழுசாக மிதித்துப் பார்த்து, தன் சீட்டைச் சரி செய்ய வேண்டும். பிறகு வீட்டிலேயே உயரமானவர் அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் நான்கு விரல் விட்டு தன் சீட்டை நிறுத்த வேண்டும். அதற்கும் பின்னால் மிஞ்சியதுதான் மூன்றாம் வரிசையின் உண்மையான இடம்.

எர்டிகா பார்க்கப் போனபோது ஏழு பேரும் போனோம். விற்பனை செய்யும் தம்பி முகம் கொஞ்சம் மாறியது, பிறகு அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எல்லோரும் உட்கார்ந்து கதவுகளைச் சாத்தி கால் மணி நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி கால் மணி நேரத்தில் தெரியும். அத்தை பத்தாவது நிமிடத்தில் இடுப்பை அசைத்தார். அதைப் பார்த்துத்தான் அவர் சீட்டை மாற்றினோம்.

மூணாவது வரிசையில மட்டும் முட்டி மேல தூக்கிட்டு நிக்குதே, ஏன்?

மூன்றாம் வரிசை பின் அச்சுக்கு மேலே வருகிறது. சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் அங்கே இருப்பதால் தரை மேலே ஏறிவிடும். கூரையை அதற்கு ஏற்ப உயர்த்த முடியாது. தலைக்கு இடம் வேண்டுமென்றால் சீட்டைத் தாழ்த்தத்தான் வேண்டும். தரை ஏறி, சீட் இறங்கினால் முட்டி நெஞ்சுக்கு வருகிறது.

வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் இருக்கும். ஒரு டெய்லர் டேப்பைக் கொண்டுபோய் மூன்றாம் வரிசையில் கால் வைக்கும் தரையிலிருந்து சீட்டின் முன் விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒரு அடியை ஒட்டி நின்றால் பெரியவர்களின் தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். முட்டிக்கு எவ்வளவு இடம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், தொடை படிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. என் கணக்கில் தொடைதான் முக்கியம். உள்ளங்கையைத் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் விடுங்கள். கை சுலபமாகப் போய் வந்தால் அது சிறுவர்களுக்கான சீட்.

வண்டி நீளம் கூடினா உள்ள இடமும் கூடும்தானே?

எப்போதும் இல்லை. 2018-ல் புதுப்பித்து வந்த மாருதி எர்டிகாவின் நீளம் 4395 மிமீ, டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா 4735 மிமீ. வெளியே 340 மிமீ வித்தியாசம். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள வீல்பேஸ் 2740, 2750. வெறும் 10 மிமீதான் வித்தியாசம். கிரிஸ்டாவில் சட்டகத்தின் மேல் உடல், நீளவாக்கில் இன்ஜின், பின் சக்கரத்துக்கு ஓடும் தண்டு. கூடுதல் நீளத்தில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன.

அதே டொயோட்டா கம்பெனி, பிறகு வந்த இன்னோவா ஹைகிராஸில் சட்டகத்தை விட்டுவிட்டு முன் சக்கர இழுவைக்கு மாறியது. மொத்த நீளம் கிரிஸ்டாவை விட 20 மிமீதான் கூட (4755), வீல்பேஸ் 100 மிமீ கூடி 2850 ஆகிவிட்டது. அது அப்படியே கால் வைக்கும் இடமாகத் தெரிகிறது. கியா கேரன்ஸ் 4540 நீளத்தில் 2780 வீல்பேஸ். ரெனோ ட்ரைபர் 4 மீட்டருக்குள்ளேயே (3990) 2636 வைத்திருக்கிறது. அகலமும் முக்கியம்: எர்டிகா 1735, கேரன்ஸ் 1800, கிரிஸ்டா 1830. நடுச் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடிக்காமல் உட்காருவது இந்த அகலத்தைப் பொறுத்ததுதான்.

கேப்டன் சீட்டா, பெஞ்சா? வீட்டுல ரெண்டு கட்சி ஆயிடுச்சு.

கேப்டன் சீட் என்றால் இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலி, நடுவில் வழி. மாருதி எக்ஸ்எல் 6 அப்படி வருகிறது, கேரன்ஸிலும் ஆறு சீட் வகை உண்டு. இன்னோவாவில் ஏழு சீட் என்றால் கேப்டன், எட்டு சீட் என்றால் பெஞ்ச். அதில் மூன்றாம் வரிசையில் மூன்று பேர் என்பதால் கேப்டன் சீட் போட்டும் ஏழு கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் கேப்டன் கேட்டால் ஒரு ஆள் குறைவு.

நீண்ட பயணம் அதிகம், ஆட்கள் ஆறுக்குள் என்றால் கேப்டன். நடு வழியாகப் பின்னால் போகலாம், யாரையும் எழுப்ப வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு பெஞ்ச் என்பேன். குழந்தை சீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் ஏழு பேர், அதனால் பெஞ்ச். பட்ஜெட்டும் அதைத்தான் சொன்னது.

60:40, 50:50ன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

சீட் எப்படிப் பிரிந்து மடங்கும் என்பது. 60:40 என்றால் மூன்று பேர் பெஞ்ச் இரண்டு பேர் துண்டாகவும் ஒரு ஆள் துண்டாகவும் பிரியும். 50:50 என்றால் சரி பாதி. எர்டிகாவில் இரண்டாம் வரிசை 60:40, மூன்றாம் வரிசை 50:50. ஆறு பேர் போகும்போது கடைசி வரிசையில் பாதியை மடக்கி அங்கே பெட்டியை நிறுத்தி, மறு பாதியில் ஒருவர் உட்காரலாம். எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது இந்த அமைப்புதான்.

ஸ்லைடு, ரிக்ளைன், டம்பிள் எல்லாம் ஒண்ணுதானா?

வெவ்வேறு. ஸ்லைடு என்றால் சீட் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ரிக்ளைன் என்றால் முதுகு சாயும். டம்பிள் என்றால் முதுகு மடிந்து, சீட் முழுசாக எழும்பி முன்னால் கவிழும். பின்னால் போகும் வழி எவ்வளவு திறக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது. எர்டிகாவில் முதுகு மடிந்து சீட் முன்னால் நகரும், கவிழாது. ட்ரைபரில் கவிழும். கேரன்ஸின் மேல் வகைகளில் பொத்தானை அழுத்தினால் தானே கவிழ்ந்துவிடும்.

கவிழும் சீட்டை யார் திரும்ப இறக்கப் போகிறார்கள் என்றும் பாருங்கள். சில சீட்கள் கனம். பத்து வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் இயக்க முடிந்தால் நல்ல அமைப்பு.

அம்மாவுக்கு முட்டி வலி. எந்தச் சீட்டு சரி?

இரண்டாம் வரிசையில் இடது பக்க ஜன்னல். சாலையோரத்திலேயே இறங்கலாம். கடைசி வரிசைக்கு அவர்களை அனுப்பவே வேண்டாம். ஷோரூமில் எங்கள் அம்மா 'நான் போய்ப் பார்க்கிறேன்' என்று பின்னால் ஏறினார். இடது கை கதவு ஓரத்தைப் பிடித்தது, வலது கைக்குப் பிடிக்க எதுவும் அகப்படவில்லை. கொசுவத்தை ஒரு கையால் தூக்கினால்தான் கால் எட்டும், கையை எடுத்தால் பிடிமானம் போய்விடும். பாதி வழியில் குனிந்தபடி நின்றுவிட்டார். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிப் பிடித்து இறக்கினேன். அன்றே முடிவாகிவிட்டது.

சீட்டின் உயரம் அவர்கள் நிற்கும்போது இடுப்புக்கு நேராக, அல்லது ஒரு கை அகலம் தாழ்வாக இருந்தால் நல்லது. உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிவிடலாம். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கைப்பிடி எங்கே என்று பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் கதவு இருந்தால் சந்தில் நிறுத்தியும் முழு வழி கிடைக்கும். ஆனால் நம் சந்தையில் அது ஒரு பக்கம் மாருதி ஈகோவிலும், இன்னொரு கோடியில் கியா கார்னிவல் போன்ற விலை உயர்ந்த வண்டிகளிலும்தான் இருக்கிறது. நடுத்தர விலையில் ஒன்று வராதா என்று நான் வெகு நாளாக எதிர்பார்க்கிறேன்.

டிக்கி 209 லிட்டர்னு போட்டிருக்கு. எத்தனை பெட்டி போகும்?

வெளிநாடு போகிறவர்கள் எடுக்கும் பெரிய பெட்டி 75 x 50 x 30 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 112 லிட்டர். விமானத்தில் கையில் எடுத்துப் போகும் சின்னப் பெட்டி சுமார் 44 லிட்டர். கணக்குப்படி எர்டிகாவின் 209 லிட்டரில் ஒரு பெரியது, இரண்டு சின்னது. நடைமுறையில் டிக்கி கட்டம் கட்டமாக இருக்காது, அதனால் அவ்வளவும் போகாது. ஏழு பேரும் வரும்போது கடினமான பெட்டியே எடுக்காதீர்கள். துணிப்பை என்றால் இடுக்கில் அமுங்கும். இது ஒன்றை மாற்றியதிலேயே எங்களுக்கு இரண்டு பை இடம் கூடியது.

எல்லாச் சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது ட்ரைபர் 84 லிட்டர், கேரன்ஸ் 216, கிரிஸ்டாவும் ஹைகிராஸும் 300. மூன்றாம் வரிசையை மடக்கினால் எர்டிகா 550, ஹைகிராஸ் 991. ட்ரைபரில் கடைசிச் சீட்களைக் கழற்றிவிட்டால் 625. இந்த இரண்டாவது எண்ணைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். உங்களுக்குத் தேவை முதல் எண்.

ஏழு பேரும் போறோம், சாமானும் இருக்கு. மேல கேரியர் போட்டுக்கலாமா?

போடலாம். கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கனமானது கீழே, லேசானது மேலே. மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சாய்வு கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு வயிற்றில் தெரியும்.

மொத்தப் பாரத்தையும் யோசியுங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே ஏழு பேர் 455 கிலோ. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காற்றுக்கு இரண்டு அளவு இருந்தால், ஒன்று குறைந்த பாரத்துக்கு, ஒன்று முழுப் பாரத்துக்கு. ஏழு பேர் போகிற அன்று இரண்டாவது அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போறோம். பானை, விறகு, அரிசி, ஆளுங்க எல்லாம் ஒரே வண்டியில போகுமா?

போகும். விளாத்திகுளம் பக்கம் எங்கள் கோயிலுக்கு வருடா வருடம் அப்படித்தான் போகிறோம். முதல் வருடம் எல்லாவற்றையும் டிக்கியில் அடைத்தோம். விருதுநகர் தாண்டி ஒரு வேகத்தடையில் பித்தளைப் பானை உருண்டு மூன்றாம் வரிசையின் முதுகில் மோதியது. மகள் பயந்து அழுதுவிட்டாள். அதன் பிறகு சாமான் அடுக்குவதற்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம்.

25 கிலோ அரிசிச் சிப்பம் கீழே, மூன்றாம் வரிசையின் முதுகை ஒட்டிப் படுக்க வைப்போம். அதன் மேல் பானை, கவிழ்த்து, உள்ளே தேங்காயும் வெல்லமும் துணியில் சுற்றி. பானையின் வாய் அரிசி மூட்டையில் அமுங்கி உட்கார்ந்துகொள்ளும், உருளாது. பூவும் மாலையும் கடைசியாக, மேலே. விறகைக் கோயில் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறோம். வாழை இலைக் கட்டு நீளமாக இருக்கும், அது இரண்டாம் வரிசைக் கால்மாட்டில். எண்ணெய், நெய் மட்டும் என் மனைவி முன் சீட்டில் காலருகே வைத்துக்கொள்வாள். அது கொட்டினால் நாற்றம் மாதக் கணக்கில் போகாது.

சி.என்.ஜி. எடுத்தா டிக்கி போயிடுமாமே?

எர்டிகாவில் சிலிண்டர் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் வருகிறது. ஆம், டிக்கியின் பெரும்பகுதி போய்விடும். தினமும் நகருக்குள் ஓட்டுகிறவருக்குச் செலவு குறைவதால் அது சரியான முடிவாக இருக்கலாம். ஏழு பேர் பையோடு வெளியூர் போகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைசி சீட்டைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டுப் போகலாமா?

ட்ரைபரில் முடியும், அதற்காகவே செய்தது. மற்றவற்றில் மடக்கத்தான் முடியும். மடங்கும் விதமும் வேறு வேறு. கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசை இரண்டு பக்கமும் மேலே எழும்பிச் சுவரை ஒட்டி நிற்கும். தரை முழுசாகக் கிடைக்கும், அகலம் குறையும். எர்டிகா, கேரன்ஸில் முதுகு முன்னால் படிந்து மேடை போல் ஆகும். அகலம் கிடைக்கும், தரை உயரும். கார்னிவலில் சீட்டே பின்னால் உள்ள பள்ளத்துக்குள் இறங்கிவிடும். எனக்குத் தெரிந்து அதுதான் மிக நேர்த்தி. கழற்றும் சீட்டை வைக்க வீட்டில் ஈரம் படாத இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாச் சீட்டையும் மடக்கினா பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏத்தலாமா?

வாஷிங் மெஷின் பெரும்பாலும் போகும். டிக்கி வாயின் உயரத்தை அளந்துவிட்டு வாங்கப் போங்கள். பிரிட்ஜ் வேண்டாம். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போகும், நிற்க வைக்க உயரம் போதாது. குட்டி யானைக்குக் கொடுக்கும் வாடகை அதைவிடக் குறைவான செலவு. எதை ஏற்றினாலும் கயிற்றால் கட்டுங்கள். பிரேக் போட்டால் அது முன் சீட்டை நோக்கித்தான் வரும்.

பசங்களைப் பின்னாடி உட்கார வெச்சா வாந்தி எடுக்கிறாங்க, என்ன பண்றது?

மூன்றாம் வரிசை பின் அச்சின் மேல் இருப்பதை முன்பே சொன்னேன். குலுங்கலும் ஆட்டமும் அங்கே நேராக வருகிறது. ஜன்னல் சின்னது, முன் சாலையும் தெரியாது. கண்ணுக்கு அசைவு தெரியாமல் உடம்பு மட்டும் ஆடினால் குமட்டும். வால்பாறை மாதிரி 40 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் சாதாரணமாக வராத பிள்ளைக்கும் வரும்.

மலை ஏறும் பகுதிக்கு மட்டும் இடம் மாற்றிக்கொள்வோம். பிள்ளைகள் நடுவுக்கு, நானோ மனைவியோ ஓட்டாத ஒருவர் பின்னால். அந்த நேரம் போன் கையில் தரக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்க முடியாத கடைசி வரிசையில் காற்று முக்கியம், அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

பின்னாடி ஏசியே வர மாட்டேங்குது சார்.

சில வண்டிகளில் பின்னால் இருப்பது தனிக் குளிர்விப்பான். சிலவற்றில் முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும் விசிறி மட்டும்தான். எது என்று வாங்கும்போதே கேளுங்கள். மூன்றாம் வரிசைக்கென்று துவாரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஷோரூமின் ஏசி அறைக்குள் இது தெரியாது, மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இருக்கிற வண்டிக்கு என்றால்: கிளம்பும்போது எல்லா ஜன்னலையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். முன் துவாரத்தில் நடுவில் உள்ள இரண்டையும் கூரை பக்கம் திருப்பிவிட்டால் காற்று பின்னால் எட்டும்.

குழந்தை சீட்டை எங்க மாட்டுறது?

குழந்தை சீட்டைப் பூட்டுவதற்கென்றே உள்ள ஐசோபிக்ஸ் கொக்கி வழக்கமாக இரண்டாம் வரிசையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. குழந்தை சீட்டைப் பூட்டிவிட்டால் அந்தச் சீட் கவிழாது, நகராது. கடைசி வரிசைக்குப் போகும் வழி அடைந்துவிடும். அதனால் டிரைவருக்குப் பின்னால் மாட்டிவிட்டு, இடது பக்கத்தை ஏறும் வழியாக வையுங்கள். ஆனால் பெஞ்ச் எந்தப் பக்கம் 60, எந்தப் பக்கம் 40 என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேப்டன் சீட் என்றால் நடு வழி இருப்பதால் இந்தப் பிரச்சினை குறைவு.

மடியில ரெண்டு பிள்ளைய வெச்சுக்கிட்டா ஒன்பது பேர் போயிடலாம்ல?

தயவுசெய்து வேண்டாம். மோதும்போது கைப்பிடியிலிருந்து பிள்ளை பறந்துவிடும். எவ்வளவு பலமுள்ள கையாக இருந்தாலும் பிடித்து நிறுத்த முடியாது. சட்டமும் தெளிவு: மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் இருந்தால் 1000 ரூபாய் அபராதம். ஒன்பது பேர் என்றால் இரண்டு வண்டி, அல்லது ஒரு வாடகை வேன்.

மூணாவது வரிசை பாதுகாப்பானதுதானா?

முன் இரண்டு வரிசை அளவுக்கு என்று சொல்ல மாட்டேன். பின்னாலிருந்து மோதினால் நசுங்குவதற்கு இடம் குறைவு. ஆறு ஏர்பேக் என்று எழுதியிருந்தாலும், பக்கவாட்டில் விரியும் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை வருகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் குழந்தைப் பொம்மைகளை இரண்டாம் வரிசையில்தான் வைக்கிறார்கள். நட்சத்திரம் எத்தனை வாங்கினாலும் அது கடைசி வரிசையைப் பற்றிச் சொல்வதல்ல.

நம் கையில் இருப்பது: தலைச்சாய்வை மேலே தூக்கி வைப்பது, பெல்ட் போடுவது, டிக்கியில் சீட் உயரத்துக்கு மேல் கனமான எதையும் அடுக்காமல் இருப்பது. பின்னால் யாரும் இல்லாத நாளில் பிள்ளைகளை 'ஜாலியா பின்னாடி போங்க' என்று அனுப்ப வேண்டாம். நடு வரிசையிலேயே இருக்கட்டும்.

பெஞ்சைத் தூக்கிட்டு வெளியில கேப்டன் சீட்டு போட்டுத் தர்றாங்களாமே?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது. அது போக, கம்பெனி சீட் தரையில் எந்த இடத்தில் போல்ட் ஆகிறது, பெல்ட் எங்கே இழுக்கிறது என்பதெல்லாம் சோதித்துச் செய்தது. வெளியில் போடும் சீட் மோதலில் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதிக்கவில்லை. காப்பீட்டிலும் தகராறு வரும். கேப்டன் வேண்டுமென்றால் கேப்டனாகவே வாங்குங்கள். சீட் உறை போடும்போதும், சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய லேபிள் தைத்திருந்தால் அந்தப் பக்கம் திறந்திருக்கும் உறைதான் போட வேண்டும்.

சீட்டை மடக்கி மெத்தை போட்டு ராத்திரி வண்டியிலேயே தூங்கலாமா?

இரண்டு பேர் தூங்கலாம். சீட்களின் நடுவில் வரும் பள்ளத்தில் போர்வையை மடித்துத் திணித்தால் மட்டமாகிவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போகும். ஓடுகிற வண்டியில் அந்த மெத்தையில் யாரும் படுத்து வரவும் கூடாது.

வருஷத்துல ரெண்டு தடவைதான் ஏழு பேர் போறோம். அதுக்கு ஏழு சீட்டு வாங்கணுமா?

தினமும் நான்கு பேர், வருடத்தில் இரண்டு முறை ஏழு பேர் என்றால் வேண்டாம். ஐந்து சீட் வண்டியை வாங்கிவிட்டு அந்த இரண்டு முறையும் டிரைவரோடு இன்னோவா வாடகைக்கு எடுங்கள். நீங்களும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம். மாதம் ஒரு முறையாவது ஆறு பேருக்கு மேல் என்றால் வாங்குங்கள். நடுவில் இருப்பவர்கள், அதாவது வயதான பெற்றோர் வந்து வந்து போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போக வேண்டும் என்றால், ஏழு சீட் வண்டியை ஐந்து சீட்டும் பெரிய டிக்கியுமாகப் பயன்படுத்துங்கள். மடக்கிய சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். சின்ன காரில் அதைத் திணிக்கப் படும் பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய வண்டி பார்க்கிறோம். சீட்டுல என்ன செக் பண்ணணும்?

ஒவ்வொரு சீட்டையும் நீங்களே மடக்கி, நிமிர்த்தி, நகர்த்திப் பாருங்கள். நிமிர்த்தும்போது 'டக்' என்று பூட்டும் சத்தம் வர வேண்டும். பிறகு முதுகைப் பிடித்து இழுத்தால் ஆடக் கூடாது. வாடகைக்கு ஓடிய வண்டியில் இரண்டாம் வரிசைத் தண்டவாளம் தேய்ந்து பிரேக் போடும்போது ஆடும்.

ஏழு பெல்ட்டையும் முழுசாக இழுத்து, வெடுக்கென்று இழுத்தால் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வரிசை பெல்ட் கொக்கி பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், அதைத் தோண்டி எடுத்து மாட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக மூன்றாம் வரிசைக் கால்மாட்டு விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஈர வாடை வந்தால், தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.